சின்ன பல் கிளினிக்குக்கு எந்த ஏஐ? எதை முதலில் எடுக்கலாம், எதைத் தள்ளிப் போடலாம்

இரண்டு சேர், ஓர் ஆர்விஜி (பல் எக்ஸ்ரேயை நேராகத் திரையில் காட்டும் கருவி), வரவேற்பில் ஒருவர், வாரத்தில் ஒரு நாள் வந்து போகும் ஆர்த்தோ (பல் வரிசையைச் சீராக்கும்) டாக்டர். தமிழ்நாட்டில் நிறைய பல் கிளினிக்குகள் இந்த அளவில்தான் நடக்கின்றன. இப்படி நடத்துகிறவர்களிடம் இப்போது பல விதமாக ஏஐ விற்க வருகிறார்கள். எக்ஸ்ரேயில் சொத்தை இருக்கும் இடத்தைக் கட்டம் போட்டுக் காட்டும் மென்பொருள் ஒன்று. நாம் பேசுவதைக் கேட்டுக் கேஸ் ஷீட் எழுதித் தருவது ஒன்று. வாட்ஸ்அப்பில் நோயாளிக்குப் பதில் சொல்வது ஒன்று. லேபில் கிரவுன் (பல்லுக்கு மேல் மாட்டும் உறை) வடிவமைப்பது இன்னொன்று. இதற்கெல்லாம் முன்பே சாட்ஜிபிடியும் ஜெமினியும் காசில்லாமல் எல்லார் போனிலும் வந்து உட்கார்ந்துவிட்டன.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எடுக்கப் பணமும் இல்லை, பழகிக்கொள்ள நேரமும் இல்லை. அப்போது எதை முதலில் எடுப்பது? எது அதிகத் துல்லியம் என்று கேட்டு ஒப்பிடுவதுதான் வழக்கம். விற்க வருகிறவரும் அந்தச் சதவீதத்தைத்தான் முதலில் நீட்டுவார். நான் வேறொரு கேள்வியை வைத்து வரிசைப்படுத்துகிறேன். இந்தக் கருவி தப்பு செய்தால், நோயாளியின் பல்லில் ஏரோட்டர் (பல்லைக் குடையும் கருவி) படுவதற்கு முன், மருந்து உள்ளே போவதற்கு முன், அந்தத் தப்பு யார் கண்ணிலாவது படுமா? எடுத்துவிட்ட எனாமல் திரும்ப வளராது. அதனால் 95 சதவீதம் சரியாகச் சொல்லும் கருவியின் மிச்சத் தப்புகள் யாருக்கும் தெரியாமல் போகும் என்றால், 80 சதவீதமே சரியாகச் சொல்லி மிச்சத் தப்புகளை மேஜையிலேயே காட்டிக்கொடுக்கும் கருவிதான் எனக்கு நல்லது.

எக்ஸ்ரே படிக்கும் மென்பொருள்

அதிக விளம்பரம் இதற்குத்தான். அமெரிக்காவில் ஓவர்ஜெட் நிறுவனத்துக்கு 2021இலும் பேர்ல் நிறுவனத்துக்கு 2022இலும் அந்நாட்டில் மருந்தையும் மருத்துவக் கருவியையும் அனுமதிக்கும் எஃப்டிஏ அமைப்பின் அனுமதி கிடைத்தது. அதற்கப்புறம் வேறு நிறுவனங்களும் வந்தன. அந்த அனுமதிகளில் ஒன்று தெளிவாக இருக்கிறது: இவை டாக்டருக்கு உதவி, நோயை முடிவு செய்வது டாக்டர். எந்த வகைப் படத்துக்கு, எந்த வயதினருக்கு என்பதும் அதில் எழுதியிருக்கும். டெமோ காட்ட வருகிறவர் இந்தப் பக்கத்தை மட்டும் புரட்டுவதில்லை.

இந்த மென்பொருள்கள் பிறந்த சூழலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அங்கே வலி இல்லாதவர்களும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை செக்கப்புக்கு வருகிறார்கள். குறிப்பிட்ட இடைவெளியில் பைட்விங் (மேல், கீழ்ப் பற்களின் இடுக்குகளை ஒன்றாகக் காட்டும் எக்ஸ்ரே) எடுக்கிறார்கள். இரண்டு பற்கள் தொடும் இடத்தில், கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாத ஆரம்பச் சொத்தையைப் பிடிப்பதில்தான் இந்த மென்பொருளின் பலம் இருக்கிறது. நம்மிடம் வருகிறவர்களோ பெரும்பாலும் வலி வந்து, மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுப் பார்த்து, அதுவும் கேட்காமல்தான் வருகிறார்கள். நாம் எடுப்பது வலிக்கிற பல்லுக்கு ஓர் ஐஓபிஏ, அதாவது ஒரு சில பற்களை வேரோடு காட்டும் சின்ன எக்ஸ்ரே. சொத்தை பல்லுக்குள் இருக்கும் நரம்புப் பகுதியான பல்பைத் தொட்டுவிட்டது என்று அந்தப் படத்தில் காட்டுவதற்குச் சிவப்புக் கட்டம் எதற்கு? பைட்விங் எடுக்கும் பழக்கமே இல்லாத கிளினிக், பைட்விங்குக்காகச் செய்த மென்பொருளுக்கு மாதா மாதம் சந்தா கட்டுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

சரி, பைட்விங் எடுக்கிறோம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எண்கள் நானாக எடுத்துக்கொண்டவை. நிஜமான சொத்தை 100 இருந்தால் மென்பொருள் 80ஐப் பிடிக்கிறது. நல்ல பரப்பு 100 இருந்தால் 90ஐ நல்லது என்று விட்டுவிட்டு, 10இல் தவறாகக் கட்டம் போடுகிறது. சொத்தை அதிகமுள்ள ஆட்களிடம் 1000 பல் பரப்புகளைப் பார்க்கிறோம், அதில் 300 சொத்தை. மென்பொருள் 240ஐப் பிடிக்கும். மிச்சம் 700 நல்ல பரப்புகளில் 70க்குத் தவறான கட்டம் விழும். மொத்தம் 310 கட்டங்கள், அதில் 240 சரி. நான்கில் மூன்றுக்கு மேல் நம்பலாம். இப்போது அதே மென்பொருளை, பல்லை நன்றாகப் பார்த்துக்கொள்ளும் ஆட்களிடம் வைப்போம். 1000 பரப்புகளில் 50 மட்டும் சொத்தை. அதில் 40 பிடிபடும். நல்ல பரப்புகள் 950, அதில் 95க்குத் தவறான கட்டம். ஆக 135 கட்டங்களில் 40தான் உண்மை. பத்தில் ஏழு பொய்.

மென்பொருள் மாறவில்லை, அதன் துல்லியமும் மாறவில்லை. வாய் மட்டும்தான் மாறியது. ஐடி கம்பெனி வாசலில் நடக்கும் செக்கப் கேம்பில், பல் சுத்தமாக வைத்திருக்கும் 25 வயதுப் பையனுக்குத்தான் பொய்க் கட்டங்களின் பங்கு அதிகமாக இருக்கும். தேவையில்லாத ஃபில்லிங் போடப்படும் ஆபத்தும் அவனுக்கே அதிகம்.

கட்டம் ஏன் பொய்யாகிறது என்பது நமக்கெல்லாம் கல்லூரியிலேயே சொல்லிக் கொடுத்ததுதான். பல்லின் கழுத்துப் பகுதியில் எக்ஸ்ரே அதிகமாக ஊடுருவிக் கறுப்பாகத் தெரியும். டியூபின் கோணம் தவறினால் பக்கத்துப் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழும். வெளுப்பும் கறுப்பும் சேரும் விளிம்பில் கண்ணே ஒரு கறுப்புக் கோட்டை உண்டாக்கிக்கொள்ளும். அனுபவமுள்ள டாக்டர் இதைப் பார்த்ததும் படத்தைத் தள்ளி வைத்துவிட்டு, எக்ஸ்ப்ளோரரை (கூர்முனைக் கருவியை) எடுத்துக்கொண்டு பல்லைப் பார்ப்பார். மென்பொருளுக்கு அந்தப் பல் கிடையாது, படம் மட்டும்தான்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கட்டம் உண்மையாகவே இருந்தாலும், எனாமலோடு நிற்கும் சொத்தையைப் பொதுவாகத் தோண்டக் கூடாது. ஃப்ளோரைடு வார்னிஷ், பல் இடுக்கைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கொடுப்பது, சில மாதம் கழித்துத் திரும்பப் பார்ப்பது என்றுதான் போக வேண்டும். ஆனால் பெரிய திரையில், சிவப்புக் கட்டத்தோடு, நோயாளியின் பக்கம் திருப்பிக் காட்டினால்? "கம்ப்யூட்டரே சொல்லுது டாக்டர், அடைச்சிடுங்க" என்பார். விற்கிறவர்கள் பேச்சில் கேஸ் அக்செப்டன்ஸ் (சொன்ன வைத்தியத்துக்கு நோயாளி சம்மதிப்பது) கூடும் என்ற வாக்கியம் தவறாமல் வரும். அதைக் கேட்டால் கொஞ்சம் பயப்பட வேண்டும். நம் ஊரில் பல் வைத்தியத்துக்குப் பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் கிடையாது, காசு நோயாளியின் சட்டைப் பையிலிருந்து வருகிறது. கட்டத்தைக் காட்டி ஃபில்லிங்கை விற்பது வைத்தியத்தில் சேராது. அந்த மென்பொருள் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் சரி.

மென்பொருள் பார்க்காத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பைட்விங்கில் கன்னத்தின் உட்பக்கம் தெரியாது. நாக்கின் பக்கவாட்டு தெரியாது. ஹான்ஸ், பான் மசாலா போடுகிறவர் வாயில் வெள்ளைப் படலம் இருக்கிறதா, தோல் இறுகி வாய் திறப்பது குறைந்திருக்கிறதா என்பதைக் கையுறை போட்ட விரலும் ஒரு ஸ்கேலும்தான் சொல்லும். வாய்ப் புற்றுநோய் இவ்வளவு இருக்கும் நாட்டில், இரண்டு நிமிடம் ஒதுக்க முடிந்தால் அதை நான் எனாமலில் கட்டம் தேடுவதில் செலவழிக்க மாட்டேன். கன்னத்தைத்தான் பார்ப்பேன். திரையில் எல்லாம் பச்சை என்று வந்ததும் பரிசோதனையே முடிந்த மாதிரி ஓர் உணர்வு வரும். உண்மையான ஆபத்து அந்த உணர்வுதான்.

இப்படியெல்லாம் சொன்னாலும் இந்த மென்பொருளை ஒரேயடியாகத் தள்ளவில்லை. ரீகால் (நோயாளியைக் குறிப்பிட்ட இடைவெளியில் திரும்ப அழைத்துப் பார்க்கும்) முறை ஒழுங்காக நடக்கும் கிளினிக், ஈறு நோய்க்கு எலும்பு மட்டத்தை வருடா வருடம் அளந்து ஒப்பிடும் பெரியோ டாக்டர், நான்கைந்து ஜூனியர்கள் மாறி மாறிப் பார்க்கும் இடம், இவர்களுக்கெல்லாம் நிஜமாகவே உதவும். ஒரே படத்தை மூன்று ஜூனியர்கள் மூன்று விதமாகப் படிப்பது ஊரறிந்த விஷயம்.

எடுப்பதாக இருந்தால் ஒரே ஒரு ஒழுங்கு போதும் என்பேன். முதலில் நம் கண்ணால் படித்து, கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு, அதன் பிறகுதான் கட்டங்களை ஆன் செய்ய வேண்டும். வரிசை மாறினால் நம் கண் கட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். இது கற்பனைப் பயம் கிடையாது. போலந்தில் நான்கு மையங்களில், பெருங்குடல் எண்டோஸ்கோப்பி செய்யும் டாக்டர்களிடம் பார்த்த ஆய்வு ஒன்று 2025இல் லான்செட் குழும இதழில் வந்தது. ஏஐ துணையோடு பழகிய பிறகு, ஏஐ இல்லாமல் செய்த பரிசோதனைகளில் அடினோமா (பின்னால் புற்றுநோயாக மாறக்கூடிய) கட்டி கண்டுபிடிக்கும் விகிதம் 28.4 சதவீதத்திலிருந்து 22.4 ஆகக் குறைந்திருந்தது. குடலும் பல்லும் ஒன்றல்ல. ஆனால் திரையைப் பார்க்கிற கண் ஒன்றுதான்.

வாங்கும் முன் சோதிப்பதும் எளிது. நம் கிளினிக்கின் பழைய ஆர்விஜி படங்களில், பல்லைத் திறந்து பார்த்து உண்மை தெரிந்துவிட்டவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரை நீக்கிவிட்டு, டெமோவின்போது அவற்றை ஓட்டச் சொல்லுங்கள். கம்பெனி கொண்டு வரும் படத்தில் எல்லாம் அழகாகத்தான் வரும். நம் சென்சாரில், நம் அசிஸ்டென்ட் எடுத்த கொஞ்சம் சாய்ந்த படத்தில் என்ன சொல்கிறது என்பதுதான் நமக்கு வேண்டும்.

பேசினால் எழுதும் கருவி

கையுறையைக் கழற்றாமல் கேஸ் ஷீட் முடிந்துவிடும் என்பது பெரிய ஆசைதான். எழுதாமல் விடுவதைவிட எழுதி வைப்பது நோயாளிக்கும் நல்லது, நாளைக்கு வழக்கு வந்தால் நமக்கும் நல்லது. இதில் வரும் தப்பு திரையிலேயே தெரியும், திருத்தலாம். அதனால் என் வரிசையில் இது எக்ஸ்ரே மென்பொருளுக்கு மேலே வருகிறது. ஆனால் படித்துப் பார்த்தால்தான் தெரியும். ஆறு மணி கூட்டத்தில் யார் படிப்பது?

பல் எண்ணில்தான் முதல் கண்ணி. நாம் எழுதுவது எஃப்டிஐ முறை, அமெரிக்காவில் எழுதுவது யுனிவர்சல் முறை. நமக்கு 14 என்றால் மேல் வலது முதல் முன்கடைவாய்ப்பல். அவர்களுக்கு 14 என்றால் மேல் இடது முதல் கடைவாய்ப்பல். பக்கமே மாறிவிடுகிறது. 24 இன்னும் மோசம்: நமக்கு மேல் இடது முன்கடைவாய்ப்பல், அவர்களுக்குக் கீழ்த் தாடையின் நடு வெட்டுப்பல். அமெரிக்கப் பழக்கத்தில் வளர்ந்த கருவி "24 எக்ஸ்ட்ராக்ஷன்" என்ற எண்ணை விரித்து வார்த்தையில் எழுதும்போது எந்தப் பல்லை எழுதும்? ஆர்த்தோவுக்காக முன்கடைவாய்ப்பல் எடுக்க இன்னொரு டாக்டருக்குக் கடிதம் அனுப்புகிறோம் என்றால் இது விளையாட்டில்லை. எண்ணோடு பல்லின் பெயரையும் பக்கத்தையும் நம் வாயாலேயே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது, தமிழ் வாக்கியத்தில் "இல்லை" கடைசியில் வருகிறது. "பென்சிலின் அலர்ஜி ஏதும்..." என்ற இடத்தில் எச்சிலை உறிஞ்சும் சக்ஷன் சத்தம் குறுக்கிட்டால் மிஞ்சுவது அலர்ஜி மட்டும்தான். இதற்கு நேரெதிராக நடந்தால் இன்னும் ஆபத்து. அலர்ஜி, சர்க்கரை, பிபி, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்குப் போடும் ஊசி, இந்த ஐந்தையும் கருவியிடம் விடாமல் கையால் டிக் போடும் படிவமாகவே வைத்துக்கொள்வேன்.

மூன்றாவது, சில கருவிகள் வார்ப்புருவை நிரப்புகிற ஆர்வத்தில், நாம் தொட்டே பார்க்காத கழுத்து நிணநீர் முடிச்சை "இயல்பு" என்று எழுதிவிடும். பார்க்காததைப் பார்த்ததாக எழுதிய கேஸ் ஷீட், எழுதாத கேஸ் ஷீட்டைவிட மோசம்.

சாட்ஜிபிடி, ஜெமினி வகையறா

இவை ஏற்கெனவே எல்லார் கையிலும் இருக்கின்றன, அதனால் வாங்குவதா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை. எதற்கு என்பதுதான் கேள்வி. நோயாளிக்குக் கொடுக்கும் துண்டுக் காகிதம், புது அசிஸ்டென்டுக்கு ஆட்டோக்ளேவ் (நீராவியில் கருவிகளைக் கிருமி நீக்கும் பெட்டி) பட்டியல், லேபுக்குப் புகார்க் கடிதம், இதற்கெல்லாம் நன்றாக உதவும். ஒரு முறை படித்துத் திருத்திவிட்டால் அந்தக் காகிதம் பல மாதம் ஓடும், தப்பு வெளியே போவதற்கு முன் நம் கையில் நிற்கிறது. என் வரிசையில் இது மேலே வருவது அதனால்தான். பல் எடுத்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லும், சரிதான். முதல் 24 மணி நேரம் கொப்பளிக்கக் கூடாது என்ற வரி மேலேயே இருக்கிறதா என்று நாம்தான் பார்க்க வேண்டும். சாப்பாட்டுக்கு யோகர்ட், ஸ்மூத்தி என்று எழுதியிருந்தால் ஆறின கஞ்சி, தயிர் சாதம், இட்லி என்று மாற்ற வேண்டும். ஸ்ட்ரா வேண்டாம் என்ற வரியோடு இளநீரையும் சேர்க்கலாம். நம் ஆட்கள் அதற்குத்தான் ஸ்ட்ரா கேட்பார்கள்.

மருந்து அளவு கேட்பது வேறு கதை. இரண்டு உதாரணம் சொல்கிறேன். இதய வால்வு மாற்றியவருக்குப் பல் எடுக்கும் முன் தரும் ஆன்டிபயாட்டிக்கில், பென்சிலின் ஒவ்வாதவர்களுக்கு கிளிண்டாமைசின் என்றுதான் பல வருடம் படித்தோம். அமெரிக்க இதயச் சங்கம் 2021இல் அதைப் பரிந்துரையிலிருந்து எடுத்துவிட்டது. இணையத்தில் பழைய பக்கங்களே அதிகம், அவற்றைப் படித்து வளர்ந்த கருவி எந்த வருடத்துப் பதிலைத் தரும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது, மரத்துப்போகும் ஊசி. அமெரிக்கப் பக்கங்கள் கார்ட்ரிட்ஜ் (ஊசி மருந்து அடைத்த சின்னக் குழாய்) கணக்கில் பேசும், 2 சதவீத லிக்னோகைன் 1.8 மி.லி. கார்ட்ரிட்ஜில் 36 மி.கி. நம்மில் பலர் எடுப்பது 30 மி.லி. மருந்துக் குப்பியிலிருந்து, சிரிஞ்சில். 15 கிலோ குழந்தைக்கு, அமெரிக்கக் குழந்தைப் பல் மருத்துவ அகாடமி சொல்லும் உச்சமான கிலோவுக்கு 4.4 மி.கி. கணக்கில் 66 மி.கி., அதாவது 3.3 மி.லி. இரண்டு மி.லி. சிரிஞ்சை இரண்டு முறை முழுதாக நிரப்பினாலே அளவு தாண்டிவிடுகிறது. "இரண்டு கார்ட்ரிட்ஜ் கிட்டத்தட்ட சரி" என்று வந்த பதிலை "இரண்டு சிரிஞ்ச்" என்று படித்தால் என்ன ஆகும் என்று கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தப்பு யார் கண்ணிலும் படாது, குழந்தையின் உடம்பில்தான் தெரியும். அளவுக்குப் புத்தகமும் மருந்து லேபிளும்தான்.

நோயாளியின் எக்ஸ்ரேயை இவற்றில் ஏற்றி "இது என்ன" என்று கேட்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பொதுப் பயன்பாட்டுக்கான சாட்பாட் பல் எக்ஸ்ரேக்கென்று அனுமதி பெற்ற கருவி கிடையாது. அது தடுமாறாமல், தெளிவாக, முழு வாக்கியத்தில் பதில் சொல்லும். அந்தத் தெளிவைத் துல்லியம் என்று எண்ணிவிடக் கூடாது.

வாட்ஸ்அப்பில் பதில் சொல்வது

அப்பாயின்ட்மென்ட் கொடுக்க, நினைவூட்ட, வழி சொல்ல, நன்றாக இருக்கும். அதற்கு மேல் ஒரு படி ஏறினால் கையை விட்டுப் போகும். இரவு பதினொரு மணிக்கு "கீழ்த் தாடை வீங்கியிருக்கு, விழுங்க முடியல, காய்ச்சல்" என்று ஒருவர் எழுதுகிறார். தாடைக்கடியில் பரவும் தொற்று மூச்சையே அடைத்துவிடக்கூடியது, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கருவி அவரிடம் "நாளை காலை 10.30க்கு இடம் இருக்கிறது, உறுதி செய்யவா?" என்று கேட்டால்? வீக்கம், மூச்சு, விழுங்க முடியவில்லை, ரத்தம் நிற்கவில்லை, அடிபட்டு முழுப் பல்லும் விழுந்துவிட்டது போன்ற சொற்கள் வந்தால் கருவி பேச்சை நிறுத்திவிட்டு மனிதர் எடுக்கும் ஒரு எண்ணைத் தர வேண்டும். அப்படி அமைக்க முடியாது என்று விற்பவர் சொன்னால் வேண்டாம். தாங்கள் பேசுவது கருவியோடுதான் என்பதும் முதல் வரியிலேயே நோயாளிக்குத் தெரிய வேண்டும்.

கிரவுன் வடிவமைப்பு

இது நாம் வாங்காமலேயே நம்மிடம் வந்துவிட்ட ஏஐ. எக்ஸோகேட், த்ரீஷேப் போன்ற மென்பொருள்களில் லேப் டெக்னீஷியன் ஸ்கேனை ஏற்றினால் கிரவுனின் முதல் வடிவத்தை அதுவே போட்டுத் தருகிறது, டெக்னீஷியன் திருத்துகிறார். எனக்கு மனக்குறை இல்லாத ஒரே இடம் இதுதான். தப்பாக வந்தால் வாயில் வைத்துப் பார்க்கும்போதே தெரிந்துவிடும். ஃப்ளாஸ் நுழையவில்லை, கடி படும் இடத்தைக் காட்டும் ஆர்டிகுலேட்டிங் பேப்பரில் ஒரே புள்ளி, ஓரத்தில் எக்ஸ்ப்ளோரர் தட்டுகிறது. திருப்பி அனுப்பலாம். நேரமும் காசும் போகும், பல் போகாது. லேபிடம் ஒன்று மட்டும் கேட்டு வையுங்கள்: மார்ஜின் கோட்டை (கிரவுனின் ஓரம் பல்லில் முடியும் இடத்தை) மென்பொருள் தானாகப் போட்ட பிறகு ஆள் பார்க்கிறாரா? ஈறு ரத்தம் கசிந்த இடத்தில் எடுத்த அளவில் அந்தக் கோடு எங்கே வேண்டுமானாலும் போகும். அப்புறம், லேபுக்குப் போகும் ஃபைலில் நோயாளி பெயர் எதற்கு, கேஸ் நம்பர் போதும்.

அலைனர் (பல்லைச் சீராக்க மாட்டிக் கழற்றும் உறை) போட்டால் சிரிப்பு இப்படி வரும் என்று காட்டும் படங்களை நான் இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. அது விளம்பரம். பெரும்பாலும் டாக்டர் ஆளை நேரில் பார்க்காமலேயே அலைனர் அனுப்பி வந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் கடையை மூடியபோது, பாதி வைத்தியத்தில் இருந்தவர்கள் தெருவில் நின்றார்கள்.

சட்டம் யாரைப் பிடிக்கும்

சுருக்கமாகச் சொன்னால் நம்மை. உச்ச நீதிமன்றம் 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் காசு வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டு வந்தது. "மென்பொருள் சொன்னது" என்பது அங்கே பதிலாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் கடைசி முடிவை மனிதர் கையில்தான் வைக்கிறது. நோயைக் கண்டறிய உதவும் மென்பொருள் 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் மருத்துவச் சாதனக் கணக்கில் வருகிறது. அதனால் அமெரிக்க அனுமதியைக் காட்டுகிறவரிடம் சிடிஎஸ்சிஓ (மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு) நிலை என்ன, எந்த வகுப்பு என்று கேட்பதில் கூச்சப்பட வேண்டியதில்லை.

தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில். முக்கியக் கடமைகளுக்கு அப்போதிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டது. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்ற எண்ணைப் பார்த்துச் சின்ன கிளினிக் மிரள வேண்டாம், அது உச்ச வரம்பு. கவனிக்க வேண்டியது வேறு. நம் சார்பாக மென்பொருள் கம்பெனி தரவைக் கையாண்டாலும் பொறுப்பு நம்முடையதுதான். நோயாளிக்குத் தரும் அறிவிப்பைத் தமிழில் படிக்கும் வாய்ப்பும் அவருக்கு இருக்க வேண்டும். நடைமுறையில் நான் அதிகம் பயப்படுவது ஆர்விஜி படத்தை ஜேபெக்காக மாற்றும்போது மூலையில் பெயரும் வயதும் பதிந்தே வருவதற்கும், வரவேற்பாளரின் சொந்தக் கணக்கில் இலவச சாட்பாட் ஓடுவதற்கும்தான். இலவசக் கணக்கில் நாம் போடுவது அவர்களின் பயிற்சிக்குப் போகலாம். அமைப்பில் அதை அணைத்துவிட்டாலும் பெயர், போன் எண், முகப்படம் போடுவதில்லை என்று கிளினிக்கில் ஒரு விதி இருக்கட்டும்.

சரி, எதை எடுப்பது

வலிக்கு வருகிறவர்களே அதிகமாக இருக்கும் இரண்டு சேர் கிளினிக் என்றால் காகித வேலைக்கு சாட்பாட், லேபில் ஏற்கெனவே ஓடும் கிரவுன் வடிவமைப்பு, இரண்டும் போதும். எக்ஸ்ரே மென்பொருளுக்கு வைத்திருக்கும் பணத்தில் சென்சார் ஹோல்டர் வாங்கி, அசிஸ்டென்டுக்கு நேராகப் படம் எடுக்கப் பழக்கினால் கிடைக்கும் பலன் அதைவிட அதிகம். பைட்விங் எடுக்கும் பழக்கம் நிலைத்த பிறகு மறுபடி யோசிக்கலாம். பல டாக்டர்கள் பார்க்கும், ரீகால் நடக்கும் இடம் என்றால் எக்ஸ்ரே மென்பொருளை எடுங்கள். திரையை நோயாளி பக்கம் திருப்பும் முன் டாக்டர் தன் கருத்தை எழுதியிருக்க வேண்டும் என்ற விதியோடு. பேசினால் எழுதும் கருவி, மாலைக் கூட்டத்துக்குப் பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து அன்றைய ஷீட்களைப் படித்துக் கையெழுத்துப் போட ஒருவர் இருக்கும் கிளினிக்குக்கு மட்டும். அப்படி ஒருவர் இல்லை என்றால் பழைய படிவமும் பேனாவுமே பத்திரம். வாட்ஸ்அப் கருவி கடைசி, ஒரு நாளைக்கு வரும் அழைப்புகளை ஓர் ஆளால் எடுக்க முடியாத நிலை வந்தால்.

எதுவும் எடுக்காமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். 60 வயதில், நிதானமாக, நாளைக்குப் பத்துப் பேரை மட்டும் பார்க்கும் டாக்டர் இதையெல்லாம் வாங்காததால் அவர் நோயாளிகளுக்கு ஒரு குறையும் வந்துவிடாது. ஆனால் அவர் கிளினிக்கிலும் வரவேற்பாளர் போனில் சாட்ஜிபிடி இருக்கும். பெயர் போடுவதில்லை, மருந்து அளவு கேட்பதில்லை என்ற அந்த இரண்டு விதிகளும் அங்கேயும் ஒட்டப்பட வேண்டும்.

வாங்குவது என்று முடிவானால் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்விகளில் ஒன்று எப்போதும் விட்டுப்போகிறது. சந்தாவை நிறுத்தினாலோ கம்பெனியே மூடினாலோ நம் படங்களும் குறிப்புகளும் எந்த வடிவில், எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும், அவர்களிடம் இருப்பது எப்போது அழிக்கப்படும்? வாயால் சொல்லும் பதில் வேண்டாம், ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.